சாய்வு எங்கே இருக்கிறது?

கரம் பலகை சாய்ந்திருக்கிறது என்று சொல்வது எளிது. எது சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். பலகையா? பலகையைத் தாங்கும் கால்களா? கால்கள் ஊன்றி நிற்கும் நிலமா? அல்லது அடிக்கின்றவனின் விரலா? இந்த நான்கில் எதுவென்று ஆராயாமல் தொடங்கிய ஒரு சச்சரவு, உடுவில் பகுதியில் இரண்டு வாசிகசாலைகளைச் சேர்ந்த இளைஞர்களைச் சில வாரங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாமல் வைத்திருந்தது. ஒருவனுடைய நற்பெயரும் அதிலே கெட்டது. அந்தச் சச்சரவு தீர்ந்த விதம் எழுதிவைக்கத் தக்கது என்று எண்ணுகிறேன். அதைத் தீர்த்தது பேச்சன்று. ஒரு சைக்கிள் குண்டு.

வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். யாழ்ப்பாணத்தில் வாசிகசாலை என்பது பெரும்பாலும் சனசமூக நிலையத்தின் முன்மண்டபம். நீண்ட மேசை ஒன்று, வாங்குகள் இரண்டு, அன்றைய நாளிதழ்கள், சுவரிலே மறைந்த பெரியவர்களின் படங்கள், மூலையிலே ஒரு கரம் பலகை. காலையில் பத்திரிகை வாசிப்போர் வருவர். மாலையில் கரம் விளையாடுவோர் வருவர். 1990ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோன பின்னர், ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி இட்டு, விரற்கடை மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கின் வெளிச்சத்திலும் கரம் நடந்தது. 1996இன் பின் வந்த இரவு ஊரடங்குக் காலத்தில் அது வீடுகளுக்குள்ளே புகுந்தது. பந்து விளையாட மைதானம் வேண்டும். மைதானத்துக்குப் போக வீதி வேண்டும். கரம் விளையாட நாலு முழ இடமும் இரண்டு பேரும் போதும். ஆகவே எங்கள் ஊர்களில் இந்த விளையாட்டு வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. வெளியே போக முடியாத ஒரு தலைமுறைக்கு அதுவே மைதானமாகவும் இருந்தது.

தமிழகத்தில் 'கேரம்' என்பார்கள். உலகக் கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக வெற்றியாளரானார். 2012இல் கொழும்பில் நடைபெற்ற உலகப் போட்டியில் இலங்கையரான நிசாந்த பெர்னாண்டோ வாகை சூடினார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் வடசென்னையைச் சேர்ந்த ஓட்டோச் சாரதி ஒருவரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். செல்வந்தர் கழகங்களில் பிறந்த விளையாட்டன்று இது. அதன் கருவிகளும் எளியவை. ஆனால் எளிய கருவி பிழைக்கும்போது அதன் பிழையைக் காண்பது எளிதன்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டிப் பலகையின் ஆடுதளம் ஏறத்தாழ 74 சென்ரிமீற்றர் சதுரம். ஒட்டுப்பலகை குறைந்தது 8 மில்லிமீற்றர் தடிப்பு இருத்தல் வேண்டும். மூலைக் குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர், காயின் விட்டம் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். காய் குழியின் நடுவை நோக்கிச் செல்லுமானால் இருபுறமும் எஞ்சுவது ஆறேழு மில்லிமீற்றர் மட்டுமே. விசையோடு அடித்த காய், பலகை சற்றுச் சாய்ந்திருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் போய்விடும். மெல்லத் தட்டிய காய்தான் கடைசி ஒரு சாணில் ஊர்ந்து போகும்போது சாய்வுக்கு இடங்கொடுக்கும். ஆகையால் சாய்ந்த பலகை முரட்டு ஆட்டக்காரனைத் தண்டிப்பதில்லை. நுட்பமாக ஆடுகின்றவனையே தண்டிக்கிறது.

இனிச் சச்சரவுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைமாதம். பொங்கலை ஒட்டி வாசிகசாலைகளுக்கிடையே கரம் போட்டி. கனடாவில் வாழும் ஊரவர் ஒருவர் தம் தந்தையார் நினைவாக அன்பளித்த பலகை. சட்டத்தின் ஓரத்திலே தந்தையாரின் பெயர் வெள்ளை எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. மண்டபத்தின் நிலத்திலே, தாங்கியின் கால்கள் நிற்கவேண்டிய இடங்களில் நான்கு சுண்ணக்கட்டிக் குறிகள். அந்தக் குறிகளின் மேலே பலகையை வைத்து முதல் ஆட்டம் நடந்தது. குறை சொல்ல எவருமில்லை. இரண்டாம் ஆட்டத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று விருந்தினர் அணியினர் கேட்டதால், பலகையைத் தூக்கி மின்குமிழின் கீழே வைத்தார்கள். வைத்தபோது பலகை கால்வாசி திரும்பிவிட்டது. அதன் பின் மெல்லத் தட்டிய காய்களெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கின.

விருந்தினர் அணிக்குச் சந்தேகம் எழுந்தது. நிலத்திலே குறி எதற்கு? குறியிலிருந்து நகர்த்தியதும் காய் ஏன் ஓடுகிறது? 'இவர்களுக்குப் பலகையின் கள்ளம் தெரியும், தெரிந்துதான் குறி போட்டு வைத்திருக்கிறார்கள்' என்று ஒருவர் சொன்னார். குறிகளைப் போட்டவன் உள்ளூர் அணியின் முதன்மை ஆட்டக்காரன். அவனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். "உந்த இடத்திலை வைச்சால்தான் நேராய்ப் போகுது, அதுதான் போட்டனான்" என்றான். ஏன் அந்த இடத்தில் மட்டும் நேராகப் போகிறது என்று கேட்டதற்கு அவனால் விடை சொல்ல முடியவில்லை. விடை சொல்ல முடியாத உண்மை சபையிலே பொய்யைவிட மோசமாகத் தோன்றும். போட்டி பாதியில் நின்றது. அடுத்த நாள் சந்தியிலே அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டப்பட்டது. பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவோம் என்று நிலையத்தினர் தீர்மானிக்க இருந்தனர். அப்படி எறிந்திருந்தால் அவன் மேல் விழுந்த பழி எந்நாளும் அழிந்திராது. குற்றம் பலகையிலேயே இருந்தது என்று ஊர் முடிவு கட்டியிருக்கும்.

இரு தரப்புக்கும் வேண்டியவன் என்பதாலும், பத்திரிகைக்காரன் என்றால் விசாரிக்கத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையாலும் என்னை அழைத்தார்கள். விசாரணையை நான் நடத்தவில்லை. அயலிலே இருந்த முதிய தச்சர் ஒருவரை அழைத்துவந்ததோடு என் பங்கு முடிந்தது. அவர் வந்ததும் பலகையைப் பார்க்கவில்லை. ஒரு சைக்கிள் குண்டு கேட்டார். சைக்கிளின் சில்லு அச்சில் இருக்குமே, அந்தச் சிறிய உருக்குக் குண்டு.

ஏன் குண்டு என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கரம் காய் வழுக்கிச் செல்வது. வழுக்கும் பொருளைத் தளத்தின் உராய்வு பிடித்து நிறுத்துகிறது. சிறு சாய்விலே சும்மா வைத்த காய் அசையாமல் இருக்கும். ஆகையால் காய் சாய்வை மறைத்துவிடும். உருளும் பொருள் மறைக்காது. பில்லியர்ட்ஸ் மேசையைப் பொருத்துகின்றவர்கள் மட்டத்துக்காக அத்தனை பாடுபடுவதும் இதனாலேயே. அங்கே பந்து உருள்கிறது. ஸ்நூக்கர் விளையாட்டு 1875இல் ஜபல்பூரில் பிரித்தானியப் படை அதிகாரிகளிடையே தோன்றி, பின்னர் ஊட்டியின் கழகத்திலே விதிகள் பெற்றது என்பது வரலாறு. அந்த விளையாட்டின் முழு அளவு மேசை பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் கொண்டது. அதன் கம்பளித் துணிக்கு அடியில் இருப்பது மரமன்று, கற்பலகை. மரம் ஊதும், சுருங்கும். கல் அப்படிச் செய்யாது என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கல்லுக்கு மாறிவிட்டார்கள். ஐந்து கற்பலகைகளை அருகருகே அடுக்கி, எட்டுக் கால்களின் மேலே வைத்து, மூட்டுகளின் ஏற்ற இறக்கத்தை மெல்லிய ஆப்புகளால் சரிசெய்து, அதன் பின்பே துணியை விரிப்பார்கள். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற எங்கள் நாட்டவரான எம். ஜே. எம். லாபிர் ஆடியதும் அத்தகைய மேசையிலேயே.

எங்கள் கரம் பலகையோ மரத்தாலானது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரியிலே அது ஈரத்தை உறிஞ்சும். வைகாசியின் பின் வீசும் சோளகத்திலே காயும். போதாததற்கு, விளையாட்டு முடிந்ததும் அதைச் சுவரிலே சாய்த்து வைப்பது எங்கள் வழக்கம். சாய்த்து வைத்த பலகை தன் பாரத்தாலேயே மெல்ல வளையும். ஆகவே கல்மேசைக்காரருக்கு இல்லாத ஒரு கேள்வி எங்களுக்கு உண்டு: சாய்வு நிலத்திலா, பலகையிலா?

தச்சர் அந்தக் கேள்வியைத் தீர்த்த முறை மிக எளிது. பலகையை ஓரிடத்தில் வைத்தார். நடுவட்டத்திலே குண்டை விட்டார். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு துண்டுக் கடதாசியில் அம்புக்குறி இட்டார். தாங்கியை அசைக்காமல் பலகையை மட்டும் கால்வாசி திருப்பினார். மீண்டும் குண்டு, மீண்டும் அம்புக்குறி. இப்படி நான்கு முறை. விளக்கம் இதுதான்: பலகை திரும்பும்போது சாய்வும் கூடவே திரும்பினால் குற்றம் பலகையுடையது. பலகை எப்படித் திரும்பினாலும் குண்டு ஒரே திசைக்கு, வாசலை நோக்கியோ சுவரை நோக்கியோ ஓடினால், குற்றம் நிலத்துடையது அல்லது தாங்கியுடையது. தாங்கியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து அதை விலக்கிவிட்டார்.

நான்கு அம்புகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. மூன்று நிலைகளில் குண்டு ஓரளவு வாசற்பக்கம் ஓடியது; ஆனால் ஒரே மாதிரி அன்று. ஒரு நிலையிலே குண்டு அசையவே இல்லை. ஆகவே குற்றங்கள் இரண்டு. ஒன்று நிலத்திலே, மற்றது பலகையிலே. ஒரு நிலையில் அவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன. அந்த நிலை எது என்று பார்த்தோம். சுண்ணக்கட்டிக் குறிகளின் மேலே வைத்தால் பலகை எந்தப் பக்கம் பார்த்து நிற்குமோ, அதுவேதான்.

மண்டபம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. பழி சுமந்தவன் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தை, காரணம் தெரியாமலே, பல மாலைகள் ஆடி ஆடிக் கண்டுபிடித்திருந்தான். எல்லோரும் நேராக ஆடட்டும் என்றே அங்கே குறி போட்டிருந்தான். கள்ளத்துக்குச் சாட்சி என்று காட்டப்பட்ட குறியே அவனுடைய நேர்மைக்குச் சாட்சியாயிற்று.

நிலத்தின் சாய்வுக்கும் குற்றவாளி இல்லை. மழைச்சாரல் அடிக்கும் மண்டபம். கழுவிவிடும் தண்ணீர் வாசலால் வெளியே ஓடவேண்டும் என்று மேசன் சீமெந்து பூசும்போதே வாட்டம் வைத்துவிட்டார். அது அவருடைய திறமை. தண்ணீருக்கு நல்லது கரத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். பலகையிலும் கள்ளம் இல்லை. அடியிலே இருந்த குறுக்குச் சட்டம் ஒன்றின் திருகாணி கழன்று, அந்தப் பக்கத்து ஒட்டுப்பலகை கீழே தொய்ந்திருந்தது.

திருத்திய விதத்தையும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பலகைக்கும் உதவும். முதலில் நிலம். நீர்மட்டத்தை எடுத்து, அந்த மட்டத்தையே முதலில் சோதித்தார். ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பார்த்து, பின் தலை மாற்றி அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு முறையும் குமிழி ஒரே பக்கம், ஒரே அளவு நின்றால் மட்டம் நம்பத்தக்கது. பிறகு வாசற்பக்கக் கால்கள் இரண்டின் கீழே மெல்லிய பலகைத் துண்டுகள். மிச்சம் இருந்த மயிரிழைக்கு விளையாட்டுக் கடதாசிகள். எங்கள் ஊரில் 304 ஆடுகின்றவர்கள் நால்வர் ஆட்டத்துக்கு 32 கடதாசிகளை மட்டுமே எடுப்பார்கள். இரண்டு முதல் ஆறு வரை உள்ளவை ஆட்டத்திலே சேராமல் பெட்டியிலேயே கிடக்கும். ஒரு கடதாசியின் தடிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீற்றர். எந்த ஆட்டத்திலும் இடம் கிடைக்காத இரண்டுகளும் மூன்றுகளும் அன்று ஒரு ஊர்ச் சண்டையைத் தீர்க்க உதவின.

அடுத்தது பலகை. முதலில் சட்டம் முறுகியிருக்கிறதா என்று பார்த்தார். எதிர் எதிர் மூலைகளுக்கிடையே இரண்டு நூல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நடுவிலே இரண்டும் மெல்லத் தொட்டுக்கொண்டால் சட்டம் நேர். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ முறுகல் உண்டு. எங்கள் பலகைக்கு அந்த நோய் இல்லை. பின்பு பலகையைக் கவிழ்த்து, தொய்ந்த பக்கத்துக் குறுக்குச் சட்டத்துக்கும் ஒட்டுப்பலகைக்கும் இடையே இரண்டு கடதாசிகளைச் செருகித் திருகாணியை மெல்ல இறுக்கினார். ஒட்டுப்பலகையின் தடிப்பைவிடத் திருகாணி உள்ளே போய்விடக்கூடாது. போனால் ஆடுதளத்தில் முகம் காட்டிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் பலகையை நிமிர்த்தி, இரும்பு அடிமட்டம் ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, அடியால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். கடைசியாக ஈரத்துணியால் அல்ல, காய்ந்த துணியால் துடைத்து, போரிக் பவுடரை அளவோடு தூவினார். முகத்துக்குப் பூசும் பவுடர் வேண்டாம் என்றார். அது ஈரத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்; அதன் பின் காய் தடுமாறுவதைச் சாய்வு என்று எண்ணிவிடுவோம் என்றார்.

அவர் கடதாசியைச் செருகுவதைப் பார்த்தபோது எனக்கு அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. உடுவிலுக்கு அயலான மானிப்பாயிலே அமெரிக்க மிஷனின் அச்சகம் 1834இல் தொடங்கியது. 'உதயதாரகை' 1841இல் அங்கிருந்தே வெளிவந்தது. அந்தக் காலம் தொட்டு ஈய எழுத்துகள் மறையும் வரைக்கும் அச்சுத் தொழிலின் உயிர்நாடியாக இருந்தது இந்தக் கடதாசி வேலைதான். கோத்த எழுத்துகளை இயந்திரத்தில் ஏற்றி ஒரு தாள் அடித்துப் பார்ப்போம். ஓரிடத்தில் எழுத்து மங்கலாக விழும். தேய்ந்த எழுத்து தாழ்ந்து நிற்கிறது என்று பொருள். அச்சாளர் இயந்திரத்தைக் குறை சொல்லமாட்டார். மையையும் குறை சொல்லமாட்டார். மங்கிய இடத்துக்கு நேரே, தாளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கடதாசித் துண்டை ஒட்டி உயர்த்துவார். மீண்டும் ஒரு தாள். மீண்டும் ஒரு துண்டு. மணித்தியாலக் கணக்கில் இது நடக்கும். காலையில் பத்திரிகையைக் கையில் எடுக்கின்றவருக்கு அந்தத் துண்டுகள் இருப்பதே தெரியாது. எல்லா எழுத்தும் ஒரே கறுப்பாக இருக்கிறதே என்று வியக்கவும் மாட்டார். மட்டம் என்பது அத்தகையது. சரியாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

பலகை திருந்திய பின் ஒரு வேடிக்கை நடந்தது. பழி நீங்கிய அந்த இளைஞன் முதலிலே உட்கார்ந்து ஆடினான். நேராகப் போகவேண்டிய மூன்று காய்களைத் தவறவிட்டான். பழைய இடத்திலும் பலகை முற்றாக நேராக இருக்கவில்லை. தொய்ந்த பக்கத்தின் இரண்டு மூலைகளில் சிறு கோணல் எஞ்சியிருந்தது. அதற்கு ஏற்றவாறு அவன் விரல் தானாகவே சற்றுத் தள்ளி அடிக்கப் பழகிவிட்டது. கோணல் போன பின்னும் விரல் கோணலை நினைவில் வைத்திருந்தது. "ஐயா, பலகை இப்ப பிழையாய்ப் போச்சுது" என்று சிரித்தான். தச்சரும் சிரித்தார். "தம்பி, பலகைக்கு ரெண்டு கடதாசி வைச்சன். உம்மடை விரலுக்கு வைக்க என்னட்டை ஒண்டும் இல்லை. ஒரு கிழமை விளையாடும்" என்றார். ஒரு கிழமைக்கு மேலாகவே பிடித்தது.

நின்ற போட்டி மாசி மாதத்தில் மீண்டும் நடந்தது. மன்னிப்பு என்ற சொல்லை எவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அச்சொல்லை எளிதில் சொல்லமாட்டார்கள். பட்டப்பெயர் சூட்டியவர் ஆட்டம் தொடங்குமுன் தாமே ஒரு சைக்கிள் குண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நடுவட்டத்திலே விட்டு, அது நிற்பதைப் பார்த்து, மீண்டும் பையில் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்தார். பலகைக்கு உரியவனான அந்த இளைஞனுக்கே முதல் அடியை விட்டுக்கொடுத்தார். யார் வென்றார்கள் என்பதை எழுதினால் மறுபடியும் சண்டை வரும், விடுவோம்.

சர்வதேச விதிகளிலே ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஆடுவோர் பக்கம் மாறி அமரவேண்டும். தீர்மானிக்கும் மூன்றாவது ஆட்டத்திலோ நடுவிலேயே மாறவேண்டும். உலகப் போட்டிக்கென்று தேர்ந்து செய்த பலகைக்கும் இதே விதிதான். விதி எழுதியவர்கள் பலகையைச் சந்தேகிக்கவில்லை, ஆடுவோரையும் சந்தேகிக்கவில்லை. எந்தத் தளமும் முழு மட்டமாக இராது என்பதை ஒப்புக்கொண்டு, எஞ்சிய சாய்வை இருவரும் சமமாகப் பகிரட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அந்த வாசிகசாலையிலும் இப்போது நட்பாட்டத்துக்குக்கூடப் பக்கம் மாறுகிறார்கள். பலகையைச் சுவரிலே சாய்ப்பதில்லை. கட்டிலைப் போலப் படுக்க வைக்கிறார்கள். மாரி முடிந்து தை பிறந்ததும் நிலையத்தின் அலுமாரியிலிருந்து நீர்மட்டமும், ஒரு குண்டும், 304இல் சேராத இருபது கடதாசிகளும் வெளியே வருகின்றன. அவற்றிலே நான்கைந்து ஏற்கெனவே கால்களின் அடியில் இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை குறைகிறது.